நானூற்றுப் பன்னிரண்டு லாரி ஃபைல்கள்

“நானூத்திப் பன்னெண்டா!”

லாரி டிரைவர் போட்ட சத்தத்தில், அடுக்களையிலிருந்து அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

இருபது நாள் ரோட்டிலேயே கிடந்துவிட்டு, இரண்டு நாள் லீவில் வந்திருந்தார் அவர். பழைய படம் ஒன்றைப் பெரிய திரையில் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அது முக்கி முனகி, கடைசியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டது.

எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று துழாவிப் பார்த்தார். ஒரே ஒரு கேம். லாரி ஓட்டுகிற கேம். அதோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிற ஆட்-ஆன் ஃபைல்கள் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு!

“நான் அங்க நிஜ லாரியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். நீ இங்க ஃபேன் காத்துல உட்கார்ந்து பொம்மை லாரி ஓட்டுறியா?”

“காலையில ஸ்கூல் வேன் ஓட்டுறேன், சாயங்காலமும் ஸ்கூல் வேன் ஓட்டுறேன். நடுவுல நாலு மணி நேரம் சும்மாதானே கிடக்கு?”

“சும்மா கிடந்தா படுத்துத் தூங்கு. இதுல அம்பது ஃபைலுக்கு மேல இருக்கக் கூடாது. மிச்சமெல்லாம் இன்னிக்கே காலி!”

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தார். வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தேடுறப்ப கண்ணுல பட்டதையெல்லாம் இறக்கி வெச்சுட்டேன். நிஜ டிரைவர் பக்கத்துல இருக்கும்போது எனக்கென்ன? எது இருக்கணும், எது போகணும்னு நீங்களே சொல்லுங்க.”

முதலில் ஹாரன்கள். மொத்தம் அறுபது.

“இது ஹாரனா? ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு. தூக்கு!”

அடுத்தது ஸ்டியரிங் உறை, கண்ணாடியில் தொங்கும் பொம்மை, கேபினுக்குள் எரியும் கலர் லைட். “தூக்கு, தூக்கு, அய்யய்யே, அதையும் தூக்கு!”

மழை மட்டும் ஒன்பது விதம். எட்டைப் பொய் மழை என்று தள்ளினார். ஒன்பதாவதைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆங்! மழைன்னா இதான் மழை. எதிர் வண்டி லைட்டு எப்படிக் கலங்கித் தெரியுது பாரு.”

கொஞ்ச நேரத்தில், படம் பார்க்க வந்ததே அவருக்கு மறந்துவிட்டது.

“இந்த மலை ரோடு எதுக்கு ரெண்டு?”

“வேற வேற ஆளுங்க செஞ்சது. ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். பாதி வளைவுல ரோடு காணாமப் போய், வண்டி ஆகாசத்துல தொங்கும்.”

“அப்புறம் எதுக்கு ரெண்டையும் வெச்சிருக்க?”

“எது நிஜம்னு எனக்குத் தெரியலையே.”

ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நிறுத்தினார். “இங்க இடது பக்கம் ஒரு பாறை துருத்திக்கிட்டு நிக்கணும். இதுல இல்ல. தூக்கு!”

மற்றதில் பாறை இருந்தது.

“இதான்! இதான் நம்ம ரோடு!” என்று தொடையைத் தட்டினார்.

“பட்டியல்ல பனி ஃபைலை ரோடு ஃபைலுக்குக் கீழதான் வெக்கணும். வரிசை மாறினா கேமே திறக்காது” என்றாள் அவள்.

“இடம் மாறினா முறைச்சுக்கிற கூட்டுக் குடும்பம்னு சொல்லு!”

இருவருக்கும் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. கடைசியில் நாற்பத்தெட்டு ஃபைல் மிஞ்சியது. கண் மூடித் திறப்பதற்குள் கேம் திறந்துகொண்டது.

மிஞ்சிய பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார் டிரைவர். அவர் ஓட்டும் அதே லாரி. அவர் கம்பெனியின் அதே பச்சை நிறம். அவர் போகும் அதே மலை. முதலில் கத்தியதை நினைத்துக் கூசிப்போனார்.

“என்னைப் பார்க்கணும்போல இருந்தா, இந்த ரோட்டுல போயிட்டு வருவியா?”

“அப்படியும் வெச்சுக்கலாம்” என்று சிரித்தாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. கம்பெனி மேனேஜர்.

“அண்ணே, நாளன்னைக்கு மலை ட்ரிப் இருக்கு. இனிமே உங்க வண்டிக்கு ரெண்டாவது டிரைவர் ஒருத்தர் உண்டு.”

“கத்துக்குட்டி யாரையாவது என் தலையில கட்டிடாதப்பா!”

“டெஸ்ட் வெச்சுத்தான் எடுத்தோம்ணே. ஏழு பேர் வந்தாங்க. குடோன் வாசல்ல முழு லோடு வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னோம். ஒரே தடவையில உள்ள விட்டது ஒருத்தர்தான்.”

“பரவாயில்லையே! நல்ல கைதான். ஆளு இப்ப எங்க இருக்கார்?”

“உங்க பக்கத்துலதான் இருப்பாங்க. போனை அக்காகிட்ட குடுங்கண்ணே, டைம் சொல்லணும்.”

டிரைவர் வாயைப் பிளந்தபடி மனைவியைப் பார்த்தார்.

“ஹெவி லைசென்ஸ் எடுத்து ஒரு மாசம் ஆச்சுங்க. முன்னாடியே சொன்னா வேண்டாம்பீங்க. ஸ்கூல் வேனுக்கும் வேற ஆள் சொல்லிட்டேன்.”

“எதுக்கும்மா உனக்கு இந்தக் கஷ்டம்?”

அவர் கையிலிருந்த போனை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“இருபது வருஷமா ஒத்தை ஆளா கண்ணு சிவக்கச் சிவக்க ஓட்டியாச்சு. இனிமே ஏத்தத்தை நீங்க பாருங்க, இறக்கத்தை நான் பார்த்துக்கிறேன். அப்ப நீங்க பின்னாடி காலை நீட்டி நிம்மதியாத் தூங்குங்க.”