கடைசி வரிசை

"ஏனுங்ணா, முதல் வரிசை டிக்கெட்டைக் குடுத்துட்டு யாராச்சும் கடைசி வரிசைக்குப் போவாங்களா?"

பூபதிக்கு வந்த கோபம் நியாயமானதுதான். சூரமங்கலத்திலிருந்து ரயில்வே ஓய்வூதியர்கள் பன்னிரண்டு பேரை வேன் பிடித்து அழைத்து வந்தவர் அவர். பழைய பாட்டு, பலகுரல், மேஜிக் என்று கலந்துகட்டி ஒரு நிகழ்ச்சி. எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் முன்னால் இடம் பிடிக்க ஒரு மாதம் அலைந்திருந்தார்.

ரயில் கார்டாக இருந்த கந்தப்பனோ, பின்னால் இருந்த யாரோ ஒருவரிடம் இடத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்.

"எனக்கு அங்கதானுங்க சவுகரியம்" என்று சொல்லிவிட்டு, மஞ்சப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"பையில முறுக்கு இருக்குமாட்ட இருக்குது. நாம பங்கு கேட்டுருவோம்னு பயம்" என்றார் பூபதி. வரிசையே சிரித்தது.

உபகாரசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

ரயில்வே விழா என்றாலே அவர் பாட்டுதான். போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு போனது. மெல்ல மெல்லப் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயம். ரசிகர்கள் பாடும் நேரத்துக்கு அவர் பெயரைக் கொடுத்ததே பூபதிதான். 'இன்னிக்கும் வரலைன்னா இனிமே பாட்டே வேண்டாம்' என்று மனைவி ஜெபமலரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார் உபகாரசாமி.

"இவரு டிரைவர், அவரு கார்டு. வருசக்கணக்கா ஒரே ரயில்ல ஓடுனவங்க. இன்னிக்குப் பக்கத்துல உக்காரக் கசக்குதாக்கும்! பொறாமைங்க, வேறென்ன?" உபகாரசாமியைக் காட்டிச் சொன்ன பூபதி விடுவதாக இல்லை.

உபகாரசாமியை மேடைக்கு அழைத்தார்கள்.

இசைக்குழு ஆரம்ப இசையை வாசித்தது. அவர் வாய் திறக்கவில்லை. மறுபடி வாசித்தார்கள். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள்.

"பரவாயில்லைங்க சார்" என்று அறிவிப்பாளர் மைக்கை வாங்க வந்தார்.

உபகாரசாமியின் கண்கள் தவிப்போடு கூட்டத்தின் கடைசிவரை ஓடின.

அங்கே, திறந்திருந்த வாசல் வெளிச்சத்தில் கந்தப்பன் எழுந்து நின்றார். மஞ்சப்பைக்குள் கைவிட்டார். ஒரு பச்சைக் கொடியை எடுத்து, கையை நன்றாக நீட்டி ஆட்டினார்.

உபகாரசாமியின் முதுகு நிமிர்ந்தது. பழக்கதோஷத்தில் வலது கையை உயர்த்திப் பதில் காட்டினார். பாட்டு கிளம்பிவிட்டது.

பல்லவியில் கொஞ்சம் குளறியது. சரணத்தில் பழைய உபகாரசாமியே வந்துவிட்டார். பாடி முடித்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பூபதி அடித்த விசிலில் பல்செட் கழன்று விழப் பார்த்தது.

அதே வேகத்தில் பின்னால் ஓடிப்போய்க் கந்தப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுட்டனுங்ணா. ஆனா, இந்தக் கொடிய எங்ககூட உக்காந்தே காட்டியிருக்கலாமில்லீங்க?"

கந்தப்பன் கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"இருபத்தாறு வருசமா அவரு இஞ்சின்ல இருந்து திரும்பிப் பாக்கறப்ப, நான் கடைசிப் பெட்டியிலதானுங்களே நின்னேன்? இன்னிக்கும் அங்கதானுங்க தேடுவாரு!"