திரைக்கு வெளியே ஒரு கை

"கையை மட்டும் நீட்டுங்க, போதும்! முகத்தை யார் கேட்டாங்க?"

பட்டு வியாபாரி வெப்பின் வீட்டு முன்னறைக் கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வினிகரில் நனைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி கத்தினார் டாக்டர் லெமுவேல் கிராஃப்ட். 1793-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து அவர் எந்த நோயாளியின் முகத்தையும் பார்த்ததில்லை. அதுவே நவீன முறை என்று பத்திரிகையில் எழுதியும் இருந்தார்.

கை வரவில்லை. குரல்தான் வந்தது. "டாக்டர் ஐயா, எனக்குக் காய்ச்சலே இல்லீங்க. சும்மா அசதி..."

"அதைச் சொல்ல நீங்க யாரு? துறைமுகத்துல அழுகிக் கிடக்கே காப்பிக்கொட்டை, அந்த நாத்தம் ரத்தத்துல ஏறிடுச்சு. இறக்கியே ஆகணும்."

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எல்லாம் அந்த எதிர்த்தெரு டாக்டர் பண்ற வேலை! மரப்பட்டைக் கஷாயம், ஒயின்னு ஊத்தி ஊரையே கெடுத்து வச்சிருக்கான். நீட்டுங்க வெப்! இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்கணும் தெரியுமா?"

தயங்கித் தயங்கி ஒரு கை வெளியே வந்தது. டாக்டர் அதைத் தடவிப் பார்த்தார்.

"பட்டு வியாபாரிக்கு இவ்வளவு முரட்டுக் கையா? பாருங்க, காய்ச்சல் தோலையே தடிக்க வச்சிடுச்சு!"

கெட்ட ரத்தத்தை இறக்க நரம்பில் கத்தி வைத்தார். கிண்ணம் ரத்தத்தால் நிறைந்தது.

"போதுங்க... கண்ணு இருட்டுது..."

"இருட்டணும். அப்பத்தான் வைத்தியம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இன்னொரு கிண்ணம் வைத்தார். உள்ளே முனகல் மெலிந்து, நின்றது. "அப்பாடா! வாக்குவாதம் ஓய்ஞ்சுது" என்றபடி, கழுத்தில் கடித்த கொசுவை எரிச்சலோடு அடித்தார்.

அப்போது சமையலறையிலிருந்து திருமதி மெஹிதபெல் வெப் வந்தாள்.

"கவலையை விடுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பிழைச்சுட்டார்."

"தெரியுமே டாக்டர். நீங்க இத்தனை நாளா எட்டிப் பார்க்கலையா, அவரே எழுந்து உட்கார்ந்துட்டார். சமையலறையில ஆட்டுக்கறி சூப் குடிச்சிட்டிருக்கார்."

டாக்டரின் கைக்குட்டை நழுவியது. "அப்போ இது?"

"சவப்பெட்டி செய்யுற தச்சர். நான் அவசரப்பட்டுச் சொல்லி வச்ச பெட்டியைக் கொண்டு வந்தார். வேண்டாம், எடுத்துட்டுப் போங்கன்னேன். பாவம், ரொம்பக் களைச்சிருந்தாரு, கொஞ்சம் படுத்துட்டுப் போங்கன்னு நான்தான்..."

டாக்டர் கிராஃப்ட் திரையை விலக்கி, முதன்முறையாக ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல மூடினார்.

"பெட்டி இங்கேயே இருக்கட்டும்மா."