பதினெட்டு ஆண்டுப் பழக்கம்

திருமணமாகி ஒரு மாதமே ஆகியிருந்த வீரமணியும் ஷாலினியும் கள்ளக்குறிச்சியிலுள்ள ஒரு பயண நிறுவனத்தில் அமர்ந்திருந்தனர். பாலித் தீவுக்குச் சென்று கடலில் அலைச்சறுக்கு விளையாட வேண்டும் என்பது ஷாலினியின் நெடுநாள் ஆசை.

"மன்னிக்கணுங்க. ஜோடியில ஒருத்தராவது பலகை மேல நின்னு பழகியிருக்கணும். இல்லன்னா அந்த டூர் கிடையாதுங்க" என்றார் மேலாளர் மிகுந்த பணிவுடன்.

ஷாலினியின் முகம் வாடியது.

"எனக்குப் பதினெட்டு வருஷப் பழக்கங்க" என்றான் வீரமணி.

"இன்னாங்க இது, எங்கிட்ட சொல்லவேயில்ல!" என்றாள் ஷாலினி.

"நீ எங்க கேட்ட?"

மேலாளர் நிமிர்ந்து அமர்ந்தார். "தண்ணியில சறுக்கிக்கினு போறப்ப வுழுந்திருக்கீங்களா?"

"சின்ன வயசுல ரெண்டு தடவைங்க. இப்பல்லாம் போன் பேசிக்கினே நிப்பேன்."

மேலாளர் எழுந்து கைகுலுக்கினார். படிவத்தில் 'மிகவும் தேர்ந்தவர்' என்று எழுதினார். ஷாலினி கணவனைப் பெருமிதத்துடன் பார்த்தாள்.

"வேற ஏதாவது சந்தேகம் இருக்குதுங்களா?"

"ஒண்ணே ஒண்ணுங்க. நடவுக்கு முன்ன கழனிச் சேத்த சமப்படுத்தப் பரம்படிக்கிறப்ப, நான் ஏறி நிக்கிற பலகைய இழுக்க எங்க வூட்டு மாடு ரெண்டே போதும். கடலுக்கு எத்தினி மாடு பூட்டுவீங்க?"