துடைத்த துணி

பேனாவைப் பிடித்திருப்பதே விரலுக்குத் தெரியவில்லை.

நான்கு நாட்களாகச் சுட்டுச் சுட்டு வலது கை மரத்துப்போயிருந்தது. காதில் ஓயாத இரைச்சல். பாலைவனத்து வெயில் கூடாரத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது.

மேஜைமேல் படிவம். 'சோதனை முடியும்வரை துப்பாக்கி சுத்தம் செய்யப்படவில்லை.' கீழே அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

ராணுவத்துக்கு எதை வாங்குவது என்று பார்க்க, மூன்று தொழிற்சாலைகளிலிருந்து மூன்று புதுத் துப்பாக்கிகள் வந்திருந்தன. அவற்றின்மேல் மணலை அள்ளிக் கொட்டிச் சுட வேண்டும். துடைக்கக் கூடாது.

மற்ற இரண்டும் மூன்றாம் நாளே சிக்கிக்கொண்டன. அவன் சுட்டுப் பார்த்தது மட்டும் மக்கர் பண்ணவே இல்லை.

அதை வடிவமைத்த இன்ஜினியர் மேகலா எதிரே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ஆறு வருஷம், அண்ணா. என் பொண்ணு காதுகுத்துக்குக்கூட நான் போகல."

அவளுக்காக அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தேர்வானால் முதலில் பனிமலைக் காவல் முகாமுக்குத்தான் இந்தத் துப்பாக்கி போகுமாம். அங்கே அவன் தம்பி சிங்காரவேலன் இருக்கிறான்.

நெற்றி வியர்வை படிவத்தில் சொட்டியது. துடைக்கலாம் என்று கைக்குட்டைக்காகப் பைக்குள் கையை விட்டான்.

வந்தது கைக்குட்டை அல்ல.

எண்ணெய்த் துணி. கரி அப்பிக் கறுத்திருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தான்.

இந்த நான்கு நாளும் சாயங்காலம் கட்டிலில் உட்காருவான். தட்டில் சப்பாத்தி ஆறிக்கொண்டிருக்கும். கண் சொருகும். கை தன் பாட்டுக்குத் துப்பாக்கியைப் பிரிக்கும், துடைக்கும், எண்ணெய் போடும், மாட்டும். பதினான்கு வருடப் பட்டாளப் பழக்கம்.

தெரிந்தா செய்தான்? இல்லை.

தெரியாமலா? அதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

வர வேண்டிய பயம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.

ஒரு கையெழுத்து. போட்டால் அவள் ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பார்ப்பாள். அவனுக்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வரும்.

சண்டை நடக்கும்போது தம்பிக்குத் துடைக்க நேரம் இருக்காது.

பேனாவை மூடினான். துணியை எடுத்துப் படிவத்தின்மேல் விரித்து வைத்தான்.

மேகலா குனிந்து பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தாள்.

வெளியே யாரோ ஜீப்பைக் கிளப்பினார்கள்.

அவனுக்கு விரல்கள் வலிக்கத் தொடங்கின.