மருந்துக் குப்பியில் ஈரம்

டண்டினொங் வீட்டுக் குசினியில் மாலை வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. சிவநேசன் தொழிற்சாலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, அடுப்பில் காய்ச்சிய ஊசியால் வெற்று மருந்துக் குப்பியில் துளை போடுகிறார். பிளாஸ்டிக் கருகி மணக்கிறது. தம்பி பகீரதனுக்கென்று வாங்கிய சுருட்டுகள் பக்கத்தில் மரப்பெட்டிக்குள் கிடக்கின்றன. புகலிடம் கேட்டுப் படகில் வந்த தம்பி தடுப்பு முகாமில் இருக்கிறான். அவன் வெளியே வரும்வரை அவை காயக்கூடாது. குப்பியின் உட்புறம் மனைவி யோகமலரின் பழைய காலுறைத் துண்டைச் சுற்றிவைத்து, ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல வெளியே விடும் வெள்ளை மணிகளை மெதுவாகக் கொட்டுகிறார். தண்ணீர் தெளித்ததும் மணிகள் கண்ணாடிபோல் ஆகின்றன.

யோகமலர் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து நிற்கிறாள்.

“லோயரோ?”

“ஓம். இந்த முறையும் மறுத்துப்போட்டாங்களாம். அப்பீல் போடலாமாம்.”

“எவ்வளவு காலம் செல்லும்?”

“ஒரு வருசம் எண்டாலும் செல்லுமாம்.”

சிவநேசன் குப்பியை மூடிப் பெட்டியின் மூலையில் வைக்கிறார். சுருட்டுகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார்.

“அப்ப இது ஒண்டு காணாது.”

யோகமலர் அலுமாரியைத் திறந்து, தன் பிரஷர் மாத்திரைகளைக் கிண்ணமொன்றில் கொட்டுகிறாள். வெறுங்குப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஊசியைச் சூடாக்க அடுப்பை மூட்டுகிறாள்.