கண் சிமிட்டும் போர்டு

"திரும்பவும் 'வேண்டாம்'னு எழுதியிருக்கான், கட்டையில போறவன்!"

இன்ஜினியர் கீபோர்டைத் தள்ளிய வேகத்தில் பக்கத்திலிருந்த டீக் கோப்பை கவிழ்ந்தது. எதிர்மேசையில் போர்டுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்த மைத்துனன் தலை நிமிரவில்லை.

"எத்தனாவது தடவை மச்சான்?"

"ஏழு."

"நீங்க அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாவே மூணு தடவை வேண்டாம்னதோட விட்டுட்டாரு. இவன் பெரிய ஆளுதான்."

"சிரிக்காதடா. வயிறு எரியுது."

எரியத்தான் செய்தது. கம்பெனி புதிதாக வாங்கிய சிப் அது. சட்டைப் பொத்தான் அளவு. தொழிற்சாலை மெஷின்களை ஓட்டும் போர்டுகளில் உட்காரப்போகிறது. போர்டை உள்ளிருந்து இயக்கும் மூல நிரலான கெர்னலுக்கு அந்தச் சிப்பை அடையாளம் தெரிந்தால்தான் போர்டுக்கு உயிர் வரும். கெர்னலோ ஒருவன் சொத்தல்ல. ஊரே கூடிக் கட்டுகிற வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் தான் எழுதிய நிரலைச் செங்கல்லாகக் கொண்டுவரலாம். ஆனால் சுவருக்கு ஒரு காவல்காரன் உண்டு; அவன் தட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் செங்கல் ஏறும். இந்தச் சுவரின் காவல்காரன் முகம் தெரியாத ஒருவன். நாலு வார்த்தைக்கு மேல் எழுத மாட்டான். அதனால் இவர்கள் வைத்த பெயர் சுருக்கன்.

வெள்ளிக்கிழமையோடு இந்தத் தடவைக்குக் கதவு சாத்திவிடுவார்கள். அப்புறம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 'அதுவரைக்கும் இந்த நாற்காலி இருக்கும், நீ இருக்க மாட்டே' என்று மேனேஜரம்மா காலையில்தான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அப்படி என்னதான் வேணுமாம் அவனுக்கு?"

"கண்சிமிட்டலை எடுக்கணுமாம்."

மைத்துனன் இப்போதுதான் நிமிர்ந்தான். கண்சிமிட்டல் அவனுக்கும் தெரியும். கரண்டு வந்து போர்டு விழிக்கும்போது, வெளியே போகிற கம்பிகள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு நொடி மின்சாரம் பாயும். வரிசையாக இருக்கும் குட்டி விளக்குகள் பளிச்சென்று எரிந்து அணையும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பழைய சிப்புக்கு இன்ஜினியர் தன் கையால் எழுதிய வரி. போர்டு வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார்கள். புதுச் சிப்புக்கும் அந்தப் பழைய நிரலையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான்.

"ஒரு வரிதானே மச்சான்? எடுத்துத் தொலைங்களேன்."

"எதுக்கு எடுக்கணும்? அது என் கையெழுத்துடா. அந்த ஒரு வரியாலதான் அன்னைக்கு போர்டு வித்துச்சு. நம்ம வீட்டுல உலை கொதிச்சுச்சு."

"காரணம் ஏதாச்சும் சொன்னானா?"

"முதல் தடவை சொன்னான். 'கம்பி முனையில் விளக்குதான் இருக்கும் என்று யார் சொன்னது?' அப்படின்னு. நான்தான் சொல்றேன், போய் வேலையைப் பாருன்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் வெறும் வேண்டாம், வேண்டாம், வேண்டாம். கிளிப்பிள்ளை."

"நீங்க போட்ட பதிலுக்கு அவன் கொஞ்சவா செய்வான்?"

இன்ஜினியர் காதில் அது ஏறவில்லை. அவன் அப்பா சிமெண்ட் மூட்டை சுமந்தவர். முதுகுத்தோல் உரிந்து வந்த கூலியில் படித்தவன் அவன். வேலையை நிறுத்துகிறவன் எவனைப் பார்த்தாலும் அவனுக்கு நிழலில் நின்று அதட்டிய மேஸ்திரிதான் ஞாபகம் வருவான்.

"உட்கார்ந்த இடத்துல சோறு வர்ற பய. ஒரு நாள் மெஷின்கிட்ட நின்னிருந்தா தெரியும். கை காய்ச்சுப்போனவன் எவனும் அடுத்தவன் பொழப்புல மண்ணள்ளிப் போட மாட்டான்."

மேனேஜரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அவரை வீடியோவுல கூப்பிட்டிருக்கேன். கெஞ்சுவியோ, காலைப் பிடிப்பியோ, சம்மதம் வாங்கு."

திரையில் ஒரு முகம் வந்தது. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். ஒழுங்காக மழிக்காத தாடி. கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"வணக்கம்ணே."

அந்த 'அண்ணே' எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது.

"அண்ணனும் வேணாம், நொண்ணனும் வேணாம். ஏழு தடவை திருப்பி அனுப்பியிருக்கே. ஏன்னு நாலு வரி விளக்கமா எழுதினா விரல் தேஞ்சிடுமா உனக்கு?"

மேனேஜரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். மைத்துனன் மேசைக்கடியில் இன்ஜினியரின் காலை மிதித்தான். அவன் காலை உதறிக்கொண்டான்.

"இந்த வரி ஒன்பது வருஷமா ஓடுது. அறுபதாயிரம் போர்டு. எத்தனை ஃபேக்டரி, எத்தனை மெஷின்! ஒரு புகார் வந்திருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டு, இப்பவே என் கையால அழிச்சிடுறேன்."

"வந்திருக்காதுண்ணே."

"பார்த்தியா! அவனே சொல்றான்!"

"புகார் எழுதுற நிலைமையில நான் அப்ப இல்ல."

இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் திரையிலிருந்தவன் முழங்கையால் கேமராவை மெல்லக் கீழே சாய்த்தான்.

கீபோர்டின் மேல் இரண்டு கைகள் கிடந்தன. வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம்.

"பிரஸ் மெஷின்ல தகடு வெட்டுற வேலைண்ணே. கரண்டு போச்சு. சிக்கின தகட்டை எடுக்க ரெண்டு கையையும் உள்ள விட்டேன். கரண்டு வந்துச்சு," என்றான் அவன், குரல் உயராமல். "உங்க போர்டு ஒருதரம் கண்ணைச் சிமிட்டுச்சு."