தகரங்களுக்கு நடுவே காற்று

காயலில் மாலை வெயில் மங்குகிறது. பாதி கிண்டிய அக்ப்ளே களி பானையில் இறுகிக் கிடக்கிறது, துடுப்பு அதில் குத்திட்டு நிற்கிறது. யாய்ரா முக்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டியிருக்கிறாள். முழங்காலின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தீக்கொப்புளம். அவள் கணவன் எலிகெம் சுரைக்குடுவையிலிருந்து தண்ணீரை மெல்ல அதன்மேல் ஊற்றுகிறான். "காத்து சூட்டைக் கடத்தாதுன்னு சொன்னியே," என்கிறாள். "காத்து கடத்தாதுதான். ஆனா உள்தகரம் பழுக்கக் காய்ஞ்சா சூடு அதைத் தாண்டி வெளித்தகரத்துக்குப் பாய்ஞ்சுடுது." "அது முந்தாநாள் தெரியாதா?" அவன் பக்கத்தில் இருக்கும் தகரக் கரியடுப்பைப் பார்க்கிறான். அந்த அடுப்பு அவன் செய்தது. தகரத்துக்குள் தகரம், நடுவே விரலகல இடைவெளி. தெருவில் எல்லாரும் அதில் சாம்பலை அடைப்பார்கள். அவள் சந்தைக்குச் சுமக்க லேசாக இருக்கட்டும் என்று இவன் காற்றை மட்டும் விட்டான். முந்தாநாள் தேநீருக்கு நாலே கரித்துண்டு போட்டு, வெளித்தகரத்தில் கன்னத்தை வைத்துக் காட்டினான். அவளும் சிரித்தாள். களிக்கு அந்தத் தீ போதாது. வாய்வரை கரி நிரப்பி விசிற வேண்டும். துடுப்பு அழுத்தும்போது பானை ஆடாமலிருக்க அடுப்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். இங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் கிண்டுகிறார்கள். அவள் அப்படி உட்காருவதை அவன் தினமும் பார்த்திருக்கிறான். நீர் தெளித்து அணைத்த கரியில் புகைகூட இல்லை. குடுவையைக் கீழே வைத்துவிட்டு அவன் உள்ளங்கையை வெளித்தகரத்தில் பதிக்கிறான். முந்தாநாள் போலவே இதமாக இருக்கிறது. "இப்பத் தொட்டு என்ன பாக்குறே?" என்கிறாள் யாய்ரா. அவன் கையை எடுக்கவில்லை.